பருப்பு வேகும் தண்ணீர்

"பருப்பு வேகுற தண்ணியா?"

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் ஊரில் எங்கள் ஆயா முதலில் கேட்பது இதுதான். எத்தனை காணி நிலம், பையனுக்கு என்ன வேலை என்பதெல்லாம் பிறகு. 1983-இல் எனக்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனபோதும் கேட்டாள். நன்றாக வேகும் என்றார்கள். ஒரு செம்பு வாங்கிக் குடித்த பிறகுதான் ஆயா வெற்றிலைத் தட்டைத் தொட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்குள் எங்கள் வீட்டுக் கிணற்றில் பருப்பு வேகாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

என் தாய்வீடு மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவில், கொசஸ்தலை ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில். தோட்டத்தில் உறைக்கிணறு. மணல் பாங்கான பூமி என்பதால் உறை இறக்காமல் கிணறு நிற்காது. சித்திரையில் ஒன்பது முழம் கயிறு இறங்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நாலு முழம் போதும். கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் பெய்த வருடம் ஒன்றில், விளிம்பில் குனிந்து சொம்பாலேயே மொண்டிருக்கிறேன். தண்ணீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை என்று பிற்பாடு நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு வாசனை இருந்தது. ஈர மணலும் உறைச் சுவரின் பாசியும் கலந்த வாசனை. குடித்து முடித்ததும் நாக்கின் அடியில் ஒரு தித்திப்பு தங்கும். துவரம்பருப்பை உலையில் போட்டுவிட்டு ஆயா வாசல் தெளித்துக் கோலம் போட்டு வருவாள். வந்து மத்தைத் தொட்டால் பருப்பு குழைந்திருக்கும். குக்கர் கிடையாது, ஆப்பசோடா கிடையாது.

அந்தத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது என்று என் அப்பா, நைனா, சொல்வார். வானம் துடைத்துவிட்ட நாளில் மேற்கே தூரத்தில் நகரி மலை நீலமாகத் தெரியும். அதில் துருத்தி நிற்கும் பாறைக்கு நகரி மூக்கு என்று பெயர். கடலில் போன கப்பல்காரர்கள் கரையை அடையாளம் கண்டதே அந்த மூக்கை வைத்துத்தான். அந்த மலைப்பக்கம் மின்னினால் நைனா, "ரெண்டு நாள்ல ஆத்துல தண்ணி வந்துடும்" என்பார். வந்துவிடும். நகரி ஆறு பூண்டிக்குப் பக்கத்தில் கொசஸ்தலையில் சேரும். 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தால், தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் வல்லூர் அணைக்கட்டையும் தாண்டிச் செம்மண் நிறத்தில் வெள்ளம் எங்கள் பக்கம் வந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும். வடக்கே ஆரணி ஆறும் ஆந்திர மலைகளில் பிறந்து, பெரியபாளையத்து அம்மனைத் தொட்டுக்கொண்டு பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகும். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருந்த பூமி எங்களுடையது. மலை தண்ணீரை அனுப்பியது, நாங்கள் வழியில் நின்று குடித்தோம், மிச்சம் கடலுக்குப் போயிற்று. தண்ணீர் போகிற திசை ஒன்றுதான் என்று அந்த வயதில் நம்பியிருந்தேன்.

ஆற்றில் ஓடியதைவிட மணலுக்கு அடியில் கிடந்தது அதிகம். முன்னொரு காலத்தில் பாலாறே கொசஸ்தலையின் தடத்தில் ஓடியது, பிறகு தெற்கே விலகியது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆறு விட்டுப்போன மணல் படுகையில்தான் எங்கள் உறைக்கிணறு இறங்கியிருந்தது. அதே ஆற்றுச் சமவெளியில் பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-இல் ஆய்வு வெளியானது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் நான் கேட்பதுண்டு: அவ்வளவு காலம் மனிதன் ஏன் இதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தான்? கல்லுக்காக என்பார்கள் சிலர். தண்ணீருக்காக, டீச்சர் என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் சரி.

1960-களின் பிற்பகுதியில், ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு இந்தப் படுகையின் நிலத்தடி நீரை அளந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணற்றுத் தொகுப்புகள் வந்தன. தண்ணீர் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் குழாயில் போயிற்று. எங்கள் பக்கத்து விவசாயிகளும் பம்பு செட்டு வைத்து இறைத்தார்கள், அதையும் மறைப்பதற்கில்லை. நைனாவும் வைத்திருந்தார். மூன்று போகம் விளைந்த வருடங்கள் அவை.

பிறகு ஒரு நாள் ஆயா, "பருப்பு வெரசா வேகமாட்டேங்குது" என்றாள். பருப்பைக் குறை சொன்னோம். கடையை மாற்றினோம். அடுத்த கோடையில் சோப்பு நுரைக்கவில்லை. அதற்கடுத்த கோடையில் நாற்றங்காலில் பயிரின் நுனி கருகியது. நைனா வரப்பில் உட்கார்ந்து ஒரு கை தண்ணீரை வாயில் வைத்தார். துப்பவில்லை. வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். "கரிக்குது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயரம் நின்றால், கீழே நாற்பது அடி ஆழம் வரை உப்பை அமுக்கி வைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். நூறாண்டுகளுக்கும் முன்பே ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியவர்களின் நாட்டுக்காரர் ஒருவர் சொன்ன கணக்கு, எங்கள் வீட்டு அடுப்பில் வந்து நிரூபணமாயிற்று. மீஞ்சூர்ப் பகுதியில் 1969 வாக்கில் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு, 1980-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. பூமிக்கு அடியில் தண்ணீர் திசை திரும்பிவிட்டது. மலையிலிருந்து கடலுக்குப் போனது நின்று, கடலிலிருந்து எங்களை நோக்கி வரத் தொடங்கியது.

கிணறு வற்றவில்லை. இதைத்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. இன்றும் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். வானம் தெரியும். நம் முகம்கூடத் தெரியும். குடிக்கத்தான் முடியாது.

கும்மிடிப்பூண்டி வந்த புதிதில் அடுப்பங்கரையில் நின்று பருப்பு குழைவதைப் பார்த்து அழுதிருக்கிறேன். மாமியார், புதுப்பெண் வீட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அது உண்மையும்தான். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் தாய்வீடு போகும்போது ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுபோவேன். பிறந்த வீட்டுக்குப் பெண்கள் பழமும் பட்சணமும் கொண்டுபோவார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். பொன்னேரியில் ஏறுகிற கூட்டத்தில் குடத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆயா அந்தத் தண்ணீரில் பருப்பு வைத்து, முதல் கரண்டியை எனக்குப் போடுவாள்.

பிறகு கும்மிடிப்பூண்டியும் மாறிற்று. சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர இரும்பு உருக்கும் உலைகள் வந்தன, தகடு உருட்டும் ஆலைகள் வந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. என் கணவரின் சம்பளமும் அங்கிருந்துதான் வந்தது. மொட்டை மாடியில் காயவைத்த வடாமில் கரித்தூள் படிந்தது. கிணறு போர் ஆனது, போர் ஆழமானது, கடைசியில் வாசலில் இருபது லிட்டர் கேன் வந்து நின்றது. ஆர்.ஓ. தண்ணீரிலும் பருப்பு வேகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும், நன்றாகவே வேகும். ஆனால் குடித்தால் எந்த ஊர்த் தண்ணீர் என்று தெரியாது. அதற்கு ஊர் கிடையாது.

தாய்வீட்டுக்குப் போகும் ரயில் மீஞ்சூரைத் தாண்டி அத்திப்பட்டை நெருங்கும்போது கரி வண்டிகளைப் பார்க்கலாம். ஐம்பது அறுபது பெட்டிகள், வாய் திறந்தவை, கறுப்பு மலைத்தொடர் மாதிரி நகரும். என் சிறு வயதில் தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மட்டும்தான். 1970-இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் 31-இல் நின்றது அது. அதற்குள் 1990-களின் நடுவில் வட சென்னை அனல்மின் நிலையம், பிறகு அதன் இரண்டாம் கட்டம், வல்லூரில் 1,500 மெகாவாட் என்று வரிசையாக எழுந்துவிட்டன. 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகமே முதலில் இந்தக் கரியை இறக்கத்தான் கட்டப்பட்டது. நம் நாட்டுக் கரியில் நூறு டன் எரித்தால் முப்பத்தைந்து நாற்பது டன் சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் கசிந்த இடமெல்லாம் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஈரநிலத்தை மீட்க உத்தரவிடும் அளவுக்குப் படிந்தது. இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்த ஓலைப் பறியில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பாலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் காலுக்கடியில் இருந்த சேறு கறுப்பாக, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். இப்போது அங்கே மிதித்தால் சிமெண்டு மாதிரி இறுகியிருக்கிறது.

இந்தக் கரி எங்கிருந்து வருகிறது? முப்பது வருடம் புவியியல் நடத்தியவள். ஒடிசாவில் தால்சேர், அங்கிருந்து ரயிலில் பாராதீப், பாராதீப்பிலிருந்து கப்பலில் எண்ணூர் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். கோட்டின் மறுமுனையில் ஒரு வீடு இருக்கும், அதில் ஒரு கிணறு இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மகனுக்கு அங்குலில் வேலை கிடைத்தது. 2022 மே மாதம் பேத்தி பிறந்தபோது போனேன். தால்சேர் அங்கிருந்து பக்கம். வெயில் 45 டிகிரியைத் தொடுவது அந்தப் பகுதிக்குப் புதிதில்லை. நான் போனபோது காலை பத்து மணிக்கே தெரு காலியாகிவிடும். ஒரு நாள் மகனோடு வண்டியில் போகும்போது வரிசையாக மலைகள் தெரிந்தன. உச்சி தட்டையாக, மரமில்லாமல், சாம்பல் நிறத்தில். நகரி மலை மாதிரி இருக்கிறதே என்றேன். "அது மலை இல்லைம்மா. சுரங்கத்துல கரிக்கு மேல இருந்த மண்ணையும் பாறையையும் எடுத்துக் கொட்டினது" என்றான். அவ்வளவு உயரம் இந்தப் பக்கம் என்றால், அந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

மகனோடு வேலை செய்யும் பையன் ஒருவனின் வீடு சுரங்கத்தை ஒட்டிய ஊரில். அவன் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைச் சித்தி முறையில் மாவுசி என்றார். பாஷை இல்லை, சிரித்துக்கொண்டோம். முற்றத்தில் துளசி மாடம், அதற்குப் பக்கத்தில் கல் கட்டிய கிணறு. என் கால் தானாக அதனருகே போயிற்று. அவரும் வந்து, தரையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளே போட்டார். காத்திருந்தோம். கல் கல்லில் விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

திறந்தவெளிச் சுரங்கம் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது. பள்ளம் எங்கோ அங்கேதான் தண்ணீர் போகும். ஊற்றுக் கண்களெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி, சுரங்கத்துக்குள் கசியும். கரி நனையாமல் வெட்ட வேண்டும், ஆகவே அந்தத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து வெளியே விடுவார்கள். பிராமணி போன்ற பெரிய ஆறு பக்கத்தில் ஓடுகிற ஊரில் கிணறு வறண்டு கிடப்பது இப்படித்தான். எங்கள் ஊரில் கடல் உள்ளே வந்தது, அங்கே கிணறு வெளியே போயிற்று.

சோற்றுக்கு டால்மா ஊற்றினார். துவரம்பருப்பில் வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய் போட்டு வேகவைத்து, சீரகம் வறுத்த பொடி தூவியது. நன்றாக இருந்தது. இரண்டாவது முறை வாங்கிக்கொண்டேன். அவர் ஏதோ குறைபட்டுக்கொண்டார். மகன் தமிழில் சொன்னான்: "டேங்கர் தண்ணியாம், அம்மா. கெணத்துத் தண்ணி இருந்தப்போ பருப்பு இதைவிடச் சீக்கிரம் வெந்துடுமாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. பிடியை விடாமல் இருந்தார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வகுப்பில் நடத்திய இன்னொரு பாடம் நினைவுக்கு வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தொடங்கியதே முக்கியமாகக் கரி தேடத்தான். அதன் நினைவேடுகளில் முதல் கட்டுரை, 1856-இல், தால்சேர் கரி வயலைப் பற்றியது. எழுதியவர்கள் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் இருவரும் தியோபால்டும். கரிக்கு அடியில் பெரிய உருண்டைக் கற்கள் சேற்றோடு கலந்து கிடப்பதைப் பார்த்து, இவை பனியால் இழுத்து வரப்பட்டவை என்றார்கள். இவ்வளவு வெயில் அடிக்கும் தால்சேரில் ஒரு காலத்தில் பனி! சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது உண்மை. பனி விலகிய பிறகு வளர்ந்த காடுதான் புதைந்து கரியாயிற்று. அந்தச் சகோதரர்களில் ஹென்றி பிளான்ஃபோர்டு பின்னாளில் வானிலையின் பக்கம் போனார். 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை அமைந்தபோது அதன் தலைவர் அவர்தான். இமயத்தில் பனி அதிகம் விழுந்த வருடம் பருவமழை தளருகிறது என்று 1884-இல் எழுதினார். எங்கள் அதிரம்பாக்கத்துக் கல்லைக் கண்ட ஃபூட்டும் அதே நிலவியல் துறையின் ஆள்தான்.

பிளான்ஃபோர்டை நான் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே நடத்தியிருக்கிறேன். அந்த இரவில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். கரி இருக்கும் இடத்தைச் சொன்னவரே மழை வரும் காலத்தையும் சொல்ல முயன்றார். அந்தக் கரியின் புகை மழையையே மாற்றும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்த மழை. நடுவில் 2019-இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் எங்கள் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் கிணறு வைத்திருந்தவர்களின் வயல்களில் லாரிகள் வரிசையில் நின்றன. நைனா இருந்திருந்தால், நகரி மலையில் மின்னியது என்று பார்த்து நாள் சொல்ல முடியாமல் தவித்திருப்பார்.

காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நாளுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு கரியிலிருந்து. ஆக, அந்தத் தால்சேர் அம்மாவின் கிணற்றிலிருந்து தொடங்குகிற ஒரு வழி, ரயிலேறி, கப்பலேறி, கொதிகலனில் எரிந்து, நகரத்தில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீராக முடிகிறது. அந்த டம்ளரை நான் குறை சொல்லமாட்டேன். பட்டணத்துப் பிள்ளைகளும் குடிக்க வேண்டும். அந்த வழியில் இருக்கிற இரண்டு வீட்டு அடுப்புகளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

போன தை மாதம் பூண்டிக்கு மேற்கே சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து நகரி மலை நன்றாகத் தெரிகிறது, மூக்கு உட்பட. பந்தியில் சாம்பார் ஊற்றியபோதே தெரிந்துவிட்டது. எழுந்து கை கழுவப் போகிற சாக்கில் பின்கட்டுக்குப் போனேன். கிணறு இருந்தது. ராட்டினம் இருந்தது. கயிற்றை நானே இழுத்தேன். தோள் வலித்தது. வாளியிலிருந்து ஒரு கை எடுத்துக் குடித்தேன். ஈர மணல், பாசி, நாக்கின் அடியில் அது. அதேதான். நாற்பது வருடம் கழித்து.

இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டில் பிடித்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டிக்குப் போகாமல் நேராகத் தாய்வீட்டுக்குப் போனேன். தம்பி மட்டும்தான் இருக்கிறான். ஆயா போய், நைனாவும் அம்மாவும் போய், நிலத்தில் பாதி விற்றாயிற்று. கிணற்றின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறான். நான் அடுப்பில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றித் துவரம்பருப்பைப் போட்டேன். குக்கர் இருந்தது, எடுக்கவில்லை. வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்து பார்த்தேன். குழைந்திருந்தது. உப்பும் மஞ்சளும் ஒரு கரண்டி நெய்யும், வேறொன்றும் போடவில்லை.

தம்பி ஒரு கவளம் வாயில் வைத்தான். மெல்லாமல் அப்படியே இருந்தான், வரப்பில் அன்று நைனா இருந்த மாதிரி. பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, அங்க கயிறு எத்தினி முழம் எறங்குது?"

"பதினாலு இருக்கும்டா."

"நம்மளுது இன்னும் ஒம்போதுதான்" என்றான். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, அடுத்த கவளத்தைப் பிசைந்தான்.